நீலத் தறப்பாள் வளைவு

செய்தி வந்தபோது நான் கடையில் சீத்தைத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. மரியதாஸின் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி அழைத்தான். அந்த வீட்டில் எல்லோருக்கும் நான் நானா, அதாவது அண்ணன். தொலைபேசியில், "நானா, மச்சான் காலையில தவறிட்டாருங்க" என்றான். "சரி" என்றேன். மீதித் துணியையும் கோணாமல் வெட்டி, மடித்து, பையில் போட்டு, வாங்க வந்து காத்திருந்த ஓர் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் உட்கார்ந்தேன். முதலில் வந்தது அழுகை இல்லை. இனி அவனிடம் கேட்க முடியாது என்ற நினைப்புத்தான் வந்தது. எதைக் கேட்க முடியாது என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். மோட்டார் சங்கத்து நண்பர்கள் என்னிடம் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். மன்னிக்க வேண்டும், இது அந்த மாதிரி நாலு வார்த்தை இல்லை.

மரியதாஸை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். ஞாயிறு பூசைக்கு முழுக்கைச் சட்டை, மற்ற நாளெல்லாம் எண்ணெய்க் கறை. ஒரு பழைய துரை பங்களாவின் பின்பக்கம் கோழி அடைத்து வைத்திருந்த கார்க்கூடு ஒன்றைக் கண்டு, கோழிகளுக்கு வேறு கூடு அடித்துக் கொடுத்துவிட்டு அதைத் தள்ளிக்கொண்டு வந்தவன். இயந்திரம் ஒரு வேனுடையது. உள்ளே தலைக்கு மேலே இருந்த இரும்புக் கூண்டு தொழிற்சாலையில் கழித்துப்போட்ட குழாய்களில் செய்தது. பெற்றோல் தாங்கியில் கல் அடிக்காமல் இருக்கக் கொழுந்து வாட்டும் தொட்டியின் கம்பி வலையை மடித்துக் கட்டியிருந்தான். பச்சை நிறம் பூசி, கிளி என்று பெயர் வைத்தான். பந்தயத்துக்கு வரும் கொழும்புக்காரர்கள் கிளியைச் சுற்றி வந்து சிரிப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அவனுடைய அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. எனக்குத்தான் கோபம் வரும்.

எங்கள் சிநேகம் பிறந்ததே என் வாயால்தான். ஆசனத்துக்கு ரெக்சின் வாங்க வந்தவன், ரெக்சினைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பெருநாள் கூட்டம். நான் மேல்மாடியில் நின்ற பையன்களுக்கு நிறத்தையும் அளவையும் கத்திக்கொண்டிருந்தேன். பதுளை பஸ் நிலையம்வரை கேட்கும் என்று என் மனைவி சொல்லும் குரல்.

"நானா, நீங்க எனக்கு ரோட்டு வாசிக்க வாங்க" என்றான்.

"என்னது, ரோட்டை வாசிக்கிறதா?"

"ஆமாங்க. கிளி போடுற சத்தத்துல வேற யாரு குரலும் எனக்குக் கேக்காது."

இப்படித்தான் ஐம்பது வயதைத் தொடப்போகும் ஒரு புடவைக்கடைக்காரன் பந்தயக் காரில் பக்கத்து ஆசனத்தில் ஏறினான். முதல் பந்தயத்தில் மூன்றாவது மைலிலேயே வளைவுகளை எழுதிவைத்த கொப்பியின் மேல் வாந்தி எடுத்தேன். எடுத்துக்கொண்டே வளைவுகளைச் சொன்னேன். "அதான் நானா" என்று அவன் பெருமைப்பட்டது இன்றும் காதில் இருக்கிறது.

இந்தப் பந்தயத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்துப் பாதைகளை மூடி, ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். பக்கத்தில் இருப்பவன் முன்கூட்டியே பார்த்து எழுதிய கொப்பியை வைத்து, அடுத்து வரும் வளைவைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஒன்று என்றால் திருகி வளையும் முடக்கு. ஐந்து என்றால் காலை எடுக்கவே வேண்டாம். மற்றவர்கள் தூரத்தை மீற்றரில் எழுதுவார்கள். மரியதாஸுக்கு அது பிடிக்காது. "மீற்றர் எனக்குக் கண்ணுல தெரியாது நானா. கொழுந்து நிறுக்கிற மடுவம் தெரியும், மாரியம்மன் கோயில் தெரியும்" என்பான். ஆகவே எங்கள் கொப்பி முழுக்கத் தோட்டம்தான், தொழிலாளர் வரிசை வீடுகளும் பிள்ளைக் காப்பகமும் கோயிலுமாக. பழைய லயம், வலது மூன்று. பிள்ளைக் காம்பரா, இடது நாலு. கோயில் தாண்டிக் கூர் வலது. அவன் பிறந்து வளர்ந்த மண்ணை அவனுக்கே நான் வாசித்துக் காட்டினேன்.

நான்கு முறை ஓடினோம். நான்கு முறையும் முடிக்கவில்லை. ஒரு தடவை கியர்ப்பெட்டி, ஒரு தடவை அச்சு, ஒரு தடவை ஓடைத் தண்ணீர். நாட்டில் பெற்றோல் வரிசை நின்ற காலத்தில் வண்டியை வெளியே எடுக்கவே முடியவில்லை. அடுத்த தடவை வெறும் ஒரு ஆணி கழன்று விழுந்தது. வெற்றி அவன் ஆசைப்பட்ட விஷயமே இல்லை. பந்தயம் முடிந்ததும் ஒட்டுகிற பட்டியலில், கடைசியிலாவது, கிளியின் இலக்கம் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஐந்தாவது தடவைக்கு முன்னால் ஒருநாள் கடைக்கு வந்தான். முகம் ஊதியிருந்தது. கணுக்காலை அமுக்கிக் காட்டினான், விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"ரெண்டு கிட்னியும் போச்சுன்னு சொல்லிட்டாங்க நானா. கையில நரம்ப வெட்டித் தச்சு, வாரத்துல ரெண்டு நாளு ரத்தம் சுத்தம் பண்ணணுமாம். தச்ச கையில பாரம் தூக்கக் கூடாது. ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாதுன்னாங்க."

"எப்ப தைக்கிறாங்க?"

"பந்தயத்துக்கு அடுத்த கிழமைக்கி நாள் கேட்டு வாங்கிட்டேன். ஸ்டெல்லாவுக்குச் சொல்லாதீங்க. இந்தத் தடவ முடிக்கலன்னா இனி இல்ல."

நான் அவனைத் திட்டினேன். ஒழுங்காகவே திட்டினேன். பிறகு, வருகிறேன் என்றேன்.

இனி என்னுடைய பங்கைச் சொல்கிறேன்.

பந்தயம் பெருநாளைக்கு அடுத்த ஞாயிறு. அப்புத்தளைக்கு மேலே உள்ள தோட்டத்துப் பாதையை நாங்கள் நோன்புக்கு முன்பே போய் எழுதிவிட்டோம். அதில் ஓரிடம் முக்கியம். நீண்ட நேர்ப்பாதை. அதன் முடிவில் கொழுந்து நிறுக்கும் மடுவம், மேலே கூரையாகக் கட்டிய நீலத் தறப்பாள். அந்த நீலம் தெரிகிறவரை காலை எடுக்காமல் போகலாம். நீலத்தில் இடது ஒன்று. அதன் பிறகு பெரும் மழை பெய்தது. பந்தயத்துக்கு முந்திய ஞாயிறு மரியதாஸ் கியர்ப்பெட்டியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு என்னை அழைத்தான். "நானா, மழையில ரோடு எப்புடி இருக்கோ தெரியல. கொப்பியோட ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்துருங்க."

போகிறேன் என்றேன். போகவில்லை. பெருநாளைக்கு முந்திய கடைசி ஞாயிறு, கடையில் கால் வைக்க இடமில்லை. போகிறேன் போகிறேன் என்று அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. நோன்பு திறக்கச் சற்று முன்னால் அவன் அழைத்தான். நான் சட்டைத்துணிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, நோன்பு வாயோடு சொன்னேன்.

"போய்ப் பார்த்தேன் தாஸ். எல்லாம் அப்படியே இருக்கு."

"நோன்போட அவ்வளவு தூரம் போனீங்களா நானா" என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் பேரீச்சம்பழத் தட்டைத் தேடிக்கொண்டு போனேன்.

பந்தயத்தன்று கிளி இதுவரை ஓடாத மாதிரி ஓடியது. முதல் இரண்டு பாதையிலும் ஒரு சிக்கலும் இல்லை. மூன்றாவதில் அந்த நேர்ப்பாதை வந்தது. மெல்லிய மூடுபனி. "நீலத் தறப்பாள்வரை நேர், காலை எடுக்காதே" என்று கத்தினேன். தலையை உயர்த்திப் பார்த்தேன். முன்னால் தூரத்தில் நீலம் தெரிந்தது. இன்னும் இடமிருக்கிறது என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்தான். அந்த நீலம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. பாதை எங்கள் காலடியில் இடப்புறம் திரும்பிக்கொண்டது, நாங்கள் நேரே போனோம்.

தேயிலைச் செடிகள்தான் காப்பாற்றின. மூன்று வரிசைச் செடிகளை மிதித்து ஒரு நிழல் மரத்தில் சாய்ந்து நின்றோம். வேடிக்கை பார்க்க வந்திருந்த லயத்து ஆட்கள் கயிறோடு ஓடி வந்தார்கள். கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக் கழற்றிச் சக்கரத்தின் அடியில் போட்டார்கள். "ஏலோ" என்று இழுத்தார்கள். மரியதாஸ் தலைக்கவசத்தோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தான், இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. நான் சேற்றில் நின்று ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"அம்மா, மடுவம் இங்கதானே இருந்துச்சு?"

"அத அந்தாண்ட மாத்தி ரெண்டு கிழமைக்கி மேல ஆச்சுங்களே. மண்ணு சரியுதுன்னு தொர மாத்தச் சொல்லிட்டாரு. நீங்க வந்து பாக்கலீங்களா?"

அவள் உரத்த குரலில்தான் சொன்னாள். மரியதாஸ் என் பக்கம் திரும்பினான். கவசத்தின் கண்ணாடியில் சேறு. அவன் முகம் எனக்குத் தெரியவில்லை.

பாதைக்கு ஏறுகையில் இருபது நிமிடம் போயிருந்தது. அதன் பிறகு அவன் ஓட்டிய ஓட்டத்தை நான் எழுதவே முடியாது. முன்சக்கரம் ஒன்று வளைந்து தேய்ந்துகொண்டு வந்தது. ரப்பர் கருகிய நாற்றம். அவன் ஒவ்வொரு வளைவிலும் முனகினான், வலியா வேகமா என்று தெரியாது. நான் தொண்டை கிழிய வாசித்தேன். யா அல்லாஹ், இவனுக்கு இதை மட்டும் கொடுத்துவிடு என்று வளைவுகளுக்கு நடுவில் கேட்டேன். பண்டாரவளை மைதானத்தில் முடிவுக் கோட்டைத் தொட்டோம். அரை மணித் தாமதம்வரை பொறுப்பார்கள். நாங்கள் முப்பத்து நான்கு நிமிடம். மேசையில் இருந்த மனிதர் கடிகாரத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பட்டியலில் கிளி இல்லை.

மரியதாஸ் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "டீ குடிப்பமா நானா" என்றான்.

அடுத்த கிழமை கையைத் தைத்தார்கள். ஒன்றரை வருடம் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இயந்திரத்தோடு படுத்திருந்த எத்தனையோ காலைகளில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கிளியைப் பற்றிப் பேசுவான், ஆணி, அச்சு, எல்லாம் பேசுவான். அந்த வளைவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கவசம் போட்டிருந்தான், இயந்திரம் அலறிற்று, அவனுக்குக் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தே ஒவ்வொரு முறையும் போவேன். ஒரு தடவை, "தாஸ், அன்னைக்கி..." என்று தொடங்கியும் விட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "அந்த மெசின் சத்தத்தக் கேளுங்க நானா, பெல்ட்டு தேயுது" என்றான். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். கோழை எப்போதும் அப்படித்தான் நினைப்பான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஸ்டெல்லா என்னிடம் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இது உங்களுக்குத்தான் நானா. ஆஸ்பத்திரி இல்லாத நாள்ல தம்பியோட ஓட்டோவுல ஏறி அப்புத்தளப் பக்கம் போயிருவாரு. காத்து வாங்கப் போறாருன்னு நெனச்சேன். இத எழுதத்தான் போயிருக்காரு."

அதே பாதை. முதல் வளைவிலிருந்து கடைசிவரை புதிதாக எழுதியிருந்தான். முதல் பக்கத்தில், 'கிளிய யாரு ஓட்டுனாலும் நானாதான் வாசிக்கணும்.' தைத்த கையை மடியில் வைத்துக்கொண்டு ஓடும் ஓட்டோவில் எழுதிய கோணல் எழுத்து. பக்கங்களைத் தள்ளி அந்த இடத்துக்கு வந்தேன். நீலத் தறப்பாள் இல்லை. எழுதியிருந்தது இதுதான்.

'பெரிய கருங்கல்லு. இடது ஒன்று. கல்லு நகராது. நானா போய்ப் பாக்கத் தேவையில்ல.'

அவனுக்குக் கேட்டிருக்கிறது. அன்றே கேட்டிருக்கிறது. ஒன்றரை வருடம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, டீ குடித்துக்கொண்டு, அதை வைத்திருந்திருக்கிறான். அவன் என்னை மன்னித்தானா என்று நண்பர்களே நீங்கள் சொல்ல வேண்டாம். எனக்குத் தேவை அது இல்லை. ஒரு தடவையாவது அவன் என்னைத் திட்டியிருக்க வேண்டும். அதற்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

கிளி அவன் வீட்டுக்குப் பின்னால் தகரத்தின் கீழ் நிற்கிறது. யார் ஓட்டுவார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கொப்பியும், நான் அவனிடம் சொன்ன ஒரு வரியும்தான். கொப்பியை வேண்டுமானால் யாருக்காவது கொடுப்பேன். அந்த வரியை யாரிடமும் இறக்கி வைக்க முடியாது.

நேற்று ஞாயிறு. கடையைப் பூட்டினேன். பண்டாரவளை போய் அப்புத்தளைக்குப் பஸ் மாறி, அங்கிருந்து கொப்பியோடு நடந்தேன். கோயில், பிள்ளைக் காம்பரா, பழைய லயம், ஒவ்வொன்றையும் விரல் வைத்துச் சரிபார்த்தேன். நேர்ப்பாதையின் முடிவில் மழை பிடித்துக்கொண்டது. கல்லைத் தொட்டுக்கொண்டு, கிளிக்குள் கத்துகிற மாதிரியே கத்திச் சொன்னேன்.

போய்ப் பார்த்தேன் தாஸ். எல்லாம் அப்படியே இருக்கு.