தம்பி தேடிய துகள்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் வீடு என்பது பெயரோடு ஒட்டியது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தி வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவார். குடும்பத்தில் ஒருவராவது பதில் கொடுத்தால்தான் தோட்டம் கொடுக்கும் லயத்து வீடு நமக்கு. அப்பாவுக்கு வயதாகிப் பெயரை எடுத்துவிட்டார்கள். தம்பி ஐரோப்பாவில் இருந்தான். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்காகப் பதில் சொல்ல நான் ஒருவன்தான்.

ஆறாம் வகுப்போடு பால் வெட்ட வந்தவன் நான். தம்பி சிரம்பான் பட்டணத்தில் படித்து, வெளிநாடு போய், ஏதோ ஒன்றைத் தேடும் இயற்பியல் ஆராய்ச்சியில் சேர்ந்தான். அந்தத் தேடல் வேலை முடிந்ததும் வந்து, பட்டணத்துப் பக்கம் அம்பாங்கானில் வீடு எடுத்து அம்மா அப்பாவை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். வேலை என்றால் முடியும் என்றுதான் நினைத்தேன். எனக்குக் கொடுத்த மர நிரை மதியத்துக்குள் முடிந்துவிடுகிறதே.

அவன் விடுமுறையில் வந்த வாரம், சுங்கை காடுட் தொழிற்சாலை ஒன்றில் என் கூட்டாளி எனக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் போனால் லயத்து வீடும் போய்விடும்; தம்பி எப்போது திரும்புவான் என்று தெரிந்தால் போதும். கேட்க வாய் வரவில்லை.

ஒரு காலை தம்பியும் என்னோடு ரப்பர் காட்டுக்கு வந்தான். வழியில் மண்டோர் பிடித்துக்கொண்டார்.

"என்னா தம்பி, அங்க என்னமோ தேடுறியாமே. கெடச்சிச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"காணாத சாமானுக்குப் பிளேன் ஏறிப் போன. இங்க புல்லு வெட்டுற என் பாராங்கு காணோம் லா. அத மொதல்ல தேடிக் குடு."

மரங்களில் பட்டை வெட்டி முடித்து, அடியில் கட்டிய மங்குகளில் பால் சொட்டி நிறையும்வரை உட்கார்ந்தோம். அப்போதுதான் கேட்டேன், வேறு மாதிரியாக.

"அப்படி என்னாதான் தேடுறீங்க?"

மண்ணுக்கடியில் வட்டமாகச் சுரங்கம் வெட்டி, அதற்குள் துகள்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதவிடுகிறார்களாம். தெரிந்த துகள் ஒவ்வொன்றுக்கும் கனமான ஜோடி ஒன்று இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு சொல்கிறதாம். மீச்சீர்மை என்று அதற்குப் பெயர் சொன்னான். அந்த ஜோடிகளில் சில பிறந்தாலும் தடமில்லாமல் நழுவிவிடுமாம். வெளியே வந்ததையெல்லாம் கூட்டி, எவ்வளவு குறைகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

"பெரட்டுல பதில் வராத ஆளு மாதிரி," என்றேன்.

"அதேதாண்ணே! வேற சில பேரு ஆழமான சுரங்கத்துல கருவிய வச்சிக்கிட்டு, வானமெல்லாம் கண்ணுக்குத் தெரியாம நெறஞ்சிருக்கிற கரும்பொருள் வந்து மோதாதான்னு காத்துக்கிட்டு இருக்காங்க. அது இந்த ஜோடியாவே இருக்கலாம்."

"மோதிச்சா?"

"இல்ல."

பக்கத்து மங்கைப் பார்த்தேன். பாதி நிறைந்திருந்தது.

"கெடைக்கவே இல்லன்னா?"

"அந்த எடத்துல இல்லன்னு தெரியும்ல, அதுவும் ஒரு முடிவுதான். அப்புறம் இன்னும் வேகமா மோதவிடணும். அதுக்குப் புதுசா ஒண்ணு கட்டப்போறாங்க. வருசக்கணக்கா ஆகும். நானும் அதுல இருப்பேண்ணே." நல்ல செய்தி சொல்கிறவன் போலத்தான் சொன்னான். "ஏன் கேட்ட?"

"சும்மாதான்."

பால் எடுக்க மணி அடித்தது. ஒரு வாளியை அவனே தூக்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கூட்டாளி லயத்து முன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே கேட்டான்.

"வர்றியா இல்லையா லா? ஆபீஸ்ல கேக்குறாங்க."

"இன்னும் கெடைக்கலயாம்," என்றேன்.

"என்னா கெடைக்கல?"

"வேற ஆள எடுத்துக்கச் சொல்லு," என்றேன். அவன் இன்ஜினை அணைக்கவே இல்லை. வீட்டுக்குள் அம்மா தம்பியின் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.