போர்டில் நான் எழுதாமல் விட்ட வரி

முருகேசு, செல்வி... நம் ஜட்கா வண்டி ராவுத்தர் மாமாவின் பிழைப்பை மூன்று மாதம் கெடுத்தவன் உங்கள் அப்பாதான். அது தெரியாமல் அந்த மனிதர் பத்து வருஷமாக எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கூசாமல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவர் மௌத்தாகிவிட்டார். அடக்கத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று உங்கள் அம்மா சொல்கிறாள். காரணம் அவளுக்கும் தெரியாது. அவளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

வண்டிகளுக்கு லைசென்சு கொடுக்கும் ஆபீசில் நான் சேர்ந்த புதிது. வேலை தற்காலிகம்தான். ஆபீசுக் காகிதங்கள் இனித் தமிழில் வரவேண்டும் என்று அப்போது உத்தரவு வந்திருந்தது. அதுவரை வண்டி நிறுத்தும் விதியெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. போலீஸ்காரருக்கும் அது முழுதாகத் தெரியாது, வண்டிக்காரருக்கும் தெரியாது. ரோட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். இனி எல்லோரும் படிக்கும்படி தமிழில் எழுதிப் போர்டு வைக்கவேண்டும் என்றார் அதிகாரி. எழுதும் வேலை என்னிடம் வந்தது.

எனக்கு எத்தனை பெருமை தெரியுமா? பொதுவழி, இடையூறு, வாகனம்... ஒவ்வொரு சொல்லாகத் தேடி வைத்தேன். லைசென்சு என்பதற்கு 'உரிமம்' என்று எழுதியபோது, ஊருக்கே நான்தான் உரிமம் கொடுப்பதுபோல இருந்தது.

ஆசுபத்திரி வாசலுக்கான விதி வந்தது. முதல் வரி சுலபம். "இவ்விடத்தில் எந்த வாகனமும் நிறுத்தப்படலாகாது." அதற்குக் கீழே வால்போல நான்கு வரி இங்கிலீஷ். சட்டப் பேச்சு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. மூன்று தடவை வாசித்தும் எனக்கு விளங்கவில்லை.

தலைமைக் குமாஸ்தாவிடம் கேட்டிருக்கலாம். அடுத்த மேஜைதான். ஆனால் முந்தின வாரம்தான் வேறொரு சொல்லுக்கு அவரிடம் அர்த்தம் கேட்டிருந்தேன். அவர் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "ஏம்ப்பா, நீ எஸ்.எஸ்.எல்.சி.ன்னுல்ல சொன்னாக. எட்டாப்புதானோ? சர்ட்டிபிகேட்ட நாளைக்கு எடுத்துட்டு வா, பாப்போம்."

அன்று முழுவதும் ஆபீசில் சிரிப்பு ஓயவில்லை. அதற்கு மறுபடியும் ஆளாக எனக்குத் தைரியம் இல்லை. அந்த நான்கு வரியை விட்டுவிட்டேன். அதிகாரி வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். பெயிண்டர் எழுதிவிட்டார். போர்டு ஏறிவிட்டது.

மனசு கேட்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அகராதி இரவல் வாங்கி உட்கார்ந்து அந்த வரிகளைப் படித்தேன். ஆட்களை ஏற்றவோ இறக்கவோ ஒரு வண்டி நின்றால், அந்த நேரம் இந்தத் தடையில் சேராது. அவ்வளவுதான் விஷயம்! வண்டிக்காரனைக் காப்பாற்றும் வரி அது ஒன்றுதான். நான் விட்டதும் அது ஒன்றைத்தான்.

மறுநாளே சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் மேலே போயிருந்தது. யார் கவனிக்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. ராவுத்தர் பிடிபட்டார்.

லைசென்சு எங்கள் ஆபீசில் கொடுத்தது என்பதால் விசாரணையும் அங்கேயே நடந்தது. தோளில் துண்டைக்கூடப் போடாமல் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றார். அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன்.

"எசமான், அது புள்ளத்தாச்சிப் பொம்பளைங்க. நெலக்கோட்டையில இருந்து பூ வேன்ல வந்து எறங்குச்சு. வலி கண்டுருச்சு. ஆசுபத்திரி வாசல்ல வண்டிய நிறுத்தாம எப்பிடிங்க எறக்குறது? குதிரை பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்தா அந்தப் புள்ள குதிக்கவா செய்யும்?"

ஆபீசே சிரித்தது. அதிகாரிகூடச் சிரித்தார்.

"எம்புட்டு நேரம்யா நின்ன?"

"செத்த நேரந்தாங்க. வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுற நேரங்கூட இருக்காது."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். விதியை வாசிக்கச் சொன்னார். தமிழில் இருந்ததை வாசித்தேன்.

"இதுல விலக்கு ஏதும் உண்டா?"

இங்கிலீஷ் காகிதம் என் கைக்கு அடியில்தான் இருந்தது. 

"இல்லைங்க சார்."

போர்டு வைத்த புதிதில் முதல் ஆளை விட்டுவிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று சொல்லி, மூன்று மாதத்துக்கு லைசென்சை நிறுத்தினார் அதிகாரி.  ராவுத்தர் வெளியே போய், வண்டியில் அடித்திருந்த லைசென்சு நம்பர் தகர வில்லையைத் தானே கழற்றிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். "பத்திரமா வச்சிருங்க ஐயா. வளைஞ்சிராம" என்றார்.

என்னிடம்தான் சொன்னார்... பத்திரமாக வைக்கச் சொல்லி.

குதிரைக்குத் தீனி வேண்டும், வீட்டில் ஐந்து வயிறு. அவர் தோல் பதனிடும் இடத்துக்குக் கூலிக்குப் போனார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுத்துப் போடும் வேலை. பழகினவர்களுக்கே கை வெந்துபோகும். இவர் வாழ்நாளெல்லாம் குதிரை வாரைப் பிடித்தவர்.

நான் பஜாரில் அவர் வரும் பக்கம் போவதை விட்டேன். ஆனால் தூங்க முடியவில்லை. மூன்றாம் மாதம் ஒரு யுக்தி செய்தேன். பிழையைச் சொல்லவில்லை, புதிதாக ஒரு யோசனைபோல எழுதினேன். "ஆட்களை ஏற்ற, இறக்க நிற்கும் வண்டிகளுக்கு இவ்விதி பொருந்தாது என்று சேர்த்தால் பொதுமக்களுக்கு நலமாக இருக்கும்." அதிகாரி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "நல்ல மூளைய்யா உமக்கு." போர்டில் வரி ஏறியது. என் வேலையும் நிரந்தரமாயிற்று.

யோசனை என்னுடையது என்று கேள்விப்பட்டு, அந்த வாரம் ஜட்காக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஆபீசு வாசலுக்கு வந்தார்கள். முன்னால் ராவுத்தர். கையில் மல்லிகை மாலை.

"நமக்காவ விதியவே மாத்த வச்ச மனுசன் இவருதான். பேரு தெரியாம இத்தன நாளு இருந்துட்டேன் பாருங்க."

மாலையைப் போட்டார். தோலுரிந்த அவர் விரல்கள் என் கழுத்தில் பட்டன. சொரசொரவென்று இருந்தது. தலைமைக் குமாஸ்தா கைதட்டினார். நான் குனிந்து நின்றேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் வரும். முருகேசு, முதல் கரண்டி உனக்குத்தான் என்று அடம்பிடிப்பாய். மழை பெய்தால் பள்ளிக்கூட வாசலில் அவர் வண்டி வந்து நிற்கும். செல்வி, உனக்கு ஜன்னி கண்டு பல் கிட்டிப்போன அன்று, உன்னைத் தன் துண்டில் சுற்றி, ஆசுபத்திரி வாசலை அடைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தினார். போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தார். ராவுத்தர் போர்டைக் காட்டிச் சத்தம் போட்டார்: "படிச்சுப் பாருங்க ஏட்டய்யா! இந்தப் புள்ளையோட அப்பா எழுதுன வரிதான் அது."

நீ பிழைத்தாய். டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். அந்த மனிதருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? வாயைத் திறந்தால் உண்மையும் சேர்ந்து வந்துவிடுமே!

ஒரே ஒரு தடவை ஆரம்பித்தேன். வண்டியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"ராவுத்தரே, அந்த வரி முதல்லயே இங்கிலீஷுல இருந்துச்சு. நான் புதுசா எதுவும் செய்யல."

அவர் வாரைச் சுண்டிச் சிரித்தார். "இருந்தா இருந்துட்டுப் போகுது. கண்டுபிடிச்சுச் சொல்ல ஒரு ஆளு வேணும்ல? பெரும வேணாம்கிறீக, வுடுங்க."

அதை விட்டவனே நான்தான் என்ற அடுத்த வாக்கியத்தையும் சொல்லியிருக்கவேண்டும். குதிரை போய்க்கொண்டே இருந்தது. வீடு வந்தது. இறங்கிக்கொண்டேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்லவேண்டியது இதுதான். இந்த ஊரில் நம்மிடம் அவ்வளவு அன்பாக இருந்தவர் வேறு ஒருவரும் இல்லை. அந்த அன்புக்கு நான் ஏமாற்றித்தான் ஆளானேன். ஆனாலும் அது நிஜமான அன்பு. அவர் வீட்டாரைக் கண்டால் எழுந்து நில்லுங்கள். நோன்பு நாளில் அந்தத் தெருவழியாகப் போனால், கூப்பிடாமலே உள்ளே போங்கள். என்னை மன்னிக்கச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. மன்னிக்கவேண்டியவர் போய்விட்டார்.

மேலே உள்ளதை எழுதி மூன்று நாள் ஆகிறது. உங்கள் கையில் கொடுக்க இன்னும் மனசு வரவில்லை.

நேற்று ஆபீசில் பழைய காகிதங்களை எரிக்கப் பட்டியல் தயாரானது. சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது இப்போது என் வேலை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ரிக்கார்டு ரூமில் நான் மட்டும் இருந்தேன். பட்டியலில் ராவுத்தர் விசாரணைக் கட்டும் இருந்தது. பிரித்தேன். "விலக்கு ஏதுமில்லை என எழுத்தர் தெரிவித்தார்" என்ற வரிக்கு அடுத்த தாளாக அந்த இங்கிலீஷ் விதி தைத்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற எவருக்கும் தெரிந்துவிடும். எரிப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. பட்டியலில் அதற்கு நேரே 'அழிக்கலாம்' என்றே எழுதியிருந்தது.

சிவப்பு மையால் அந்தச் சொல்லை அடித்தேன். பக்கத்தில் 'வைத்திருக்கவும்' என்று எழுதினேன். காகிதக் கட்டை மறுபடி நாடாவால் கட்டி, கைக்கு எட்டும் அலமாரித் தட்டில் வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.