கடலுக்கு கேட் பாஸ்

என் மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். வீட்டில் அவள் வாயை மூட வைக்கத்தான் ஆள் வேண்டும். பள்ளியில் அதைத் திறப்பதே இல்லை. பெற்றோர் கூட்டத்தில் மிஸ் நல்லவிதமாகத்தான் சொன்னார். "கண்காட்சி அன்னிக்காவது பாப்பா நாலு வார்த்தை பேசட்டும் மேடம். இல்லன்னா இன்னொரு வருஷம் யு.கே.ஜி.யிலயே இருக்கட்டும்னு மேல சொல்றாங்க." மேலே என்றால் யார் என்று கேட்டிருக்கலாம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

கண்காட்சியில் அவள் பேசக் கொடுத்த தலைப்பு, 'நமது கடற்கரை நகரம்: வரலாறு, பண்பாடு, பொருளாதாரம்.' ஐந்து வயதுக் குழந்தைக்குப் பண்பாடு அதிகமோ என்று தோன்றியது. மற்ற அம்மாக்கள் யாரும் கேட்காததால் நானும் கேட்கவில்லை.

நாங்கள் இருப்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால். சொந்தக்காரர்களிடம் 'சென்னை' என்போம். சென்னைக்காரர்களிடம் 'சென்னைக்குப் பக்கம்' என்போம். அந்தத் தைரியத்தில்தான் பள்ளியும் எங்களைக் கடற்கரை நகரத்தில் சேர்த்திருக்க வேண்டும். எங்கள் ஜன்னலில் தெரிவது புகைபோக்கிகள்தான். எந்தப் பக்கத்துக் காற்று அடித்தது என்பதைக் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

நான் எம்.காம். படித்தவள். அவள் ஒப்பிக்க ஐந்து வாக்கியம் எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். 'பண்டைக் காலம் தொட்டு வணிகம் செழித்த நகரம்' என்று தொடங்கினேன். கடினமோ என்று 'பழைய காலத்தில்' என மாற்றினேன். மிஸ் குறைவாக நினைப்பாரோ என்று மறுபடியும் 'பண்டை'க்கே போனேன்.

"பண்டைக் காலம்னா ஸ்நாக்ஸ் டைமாம்மா?" என்றாள் மகள். பண்டம் என்ற வார்த்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்துக் கேட்டதுதான் என்னைக் குத்தியது. "கடலு இன்னா மாதிரி இருக்கும்?"

அவளுக்கு நாங்கள் கடலைக் காட்டியதே இல்லை. இத்தனைக்கும் அவள் அப்பாவுக்கு வேலை காட்டுப்பள்ளிப் பக்கம், துறைமுகத்தின் கன்டெய்னர் யார்டில்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் பைக்கில் கிளம்பினோம். வெகுதூரம் போனபிறகுதான் கவனித்தேன்.

"இன்னாங்க, பீச்சுக்குன்னு சொன்னா உங்க கேட்டுக்கு வந்துகினு இருக்கீங்க?"

"கடலுக்குன்னு வண்டிய எடுத்தா கை தானா இப்டிதான் திரும்புது. ஏழு வருஷமா எனக்கு இதானே கடலு."

"இங்கேர்ந்து தெரியுமா?"

"எங்க தெரியறது? டப்பா மேல டப்பா அடுக்கி வச்சிருந்தா?"

வாசலில் காவலுக்கு இருந்தவர் அவருக்குப் பழக்கம். "இன்னா நைனா, லீவுலயும் டூட்டியா? அதுவும் குடும்பத்தோட?"

"பாப்பாவுக்குக் கடலு காட்டணும்ணே."

"பாப்பாகிட்ட பாஸ் கீதா?" என்று அவளிடமே குனிந்து கேட்டார். கழுத்தில் தொங்கிய தன் அட்டையை ஆட்டிக் காட்டினார். "இது வேணும். ஹெல்மெட்டு வேணும். ஷூ வேணும். மூணும் இருந்தாதான் கடலு." சொல்லிக்கொண்டே தன் மஞ்சள் ஹெல்மெட்டை அவள் தலையில் கவிழ்த்தார். அவள் சிரிக்கவில்லை. பாடம் கேட்பதுபோல் நின்றாள்.

மதிலுக்கு மேலே ஒரு கிரேன் மெதுவாகத் திரும்பியது. "அதான் கடலா?"

"அது கிரேனு. கடலு அதுக்குப் பின்னால" என்றார் அவள் அப்பா.

மீனவர் குப்பம் வழியாகப் போனால் கரைக்கே போகலாம் என்று காவலர் வழி சொன்னார். போயிருக்கலாம். வெயில் பட்டுக் காய்ச்சல் வந்தால் கண்காட்சி என்னாவது என்று நான்தான் வண்டியைத் திருப்பச் சொன்னேன். கடல் பற்றிப் பேச வேண்டும் என்பதற்காகக் கடலைப் பார்க்காமல் திரும்பிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கண்காட்சி அன்று, நான் வரைந்த கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். மிஸ் "சொல்லும்மா" என்றார். சத்தமில்லை. நான் தூரத்திலிருந்து 'பண்டை, பண்டை' என்று வாயசைத்தேன். அவள் என்னைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். இன்னொரு வருட யு.கே.ஜி. என் கண்முன் வந்து நின்றது.

சிறப்பு விருந்தினர் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் மேலாளர். பாவம் பார்த்துக் கேட்டார்: "கடல் பாத்திருக்கியா கண்ணு?"

"கடலுக்குப் போறதுக்கு பாஸ் வேணும் சார்" என்றாள். "ஹெல்மெட் போடணும். ஷூ போடணும். எங்கப்பா டெய்லி போறாரு. அவரே பாத்ததில்ல. முன்னால டப்பா வச்சிட்டாங்க."

"பண்டைக் காலத்துல?" என்று மிஸ் எடுத்துக் கொடுத்தார்.

"பண்டம் சாப்ட்டாங்க."

அப்பாக்கள் பக்கத்திலிருந்து பெரிய சிரிப்பு. பாதிப்பேர் கழுத்தில் அட்டையோடு, ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்கள். மேலாளர் மட்டும் சிரிக்கலாமா கூடாதா என்று மிஸ்ஸைப் பார்த்தார். நான் மிஸ்ஸின் நோட்டைப் பார்த்தேன். 'பேசினாள்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'எழுதிக் கொடுத்தபடி அல்ல' என்று சேர்த்தார். ஆனாலும் ஒன்றாம் வகுப்பு உறுதி.

அடுத்த ஞாயிறு கரைக்கே போவது என்று முடிவானது. இந்த முறை வழி சொல்லும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மகள் பள்ளி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, ஷூவும் போட்டு வாசலில் தயாராக நின்றாள். கழற்றச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.