பதினைந்து வருஷம் உழைக்கும் துணி

ஷிகெனோவுக்கு எதற்கும் பயம் கிடையாது என்றுதான் ஜப்பானின் ஹமமத்சு ஊரில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். விலாங்கு மீன் கடையில் இருபத்தொரு வருஷ வேலை. நெளிகிற விலாங்கைப் பலகையில் ஆணியடித்து நிறுத்தி, ஒரே இழுப்பில் முதுகைக் கீறி, முள்ளை உருவிப் போட்டுவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுவாள். குடித்துவிட்டு வந்து கடையில் வம்பு பண்ணிய லாரிக்காரனை விளக்குமாற்றால் சாத்தி அனுப்பியவள். அப்பேர்ப்பட்டவள் எழுபத்தாறாம் வருஷம் அக்டோபர் மாதம் முழுக்க உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் ரிகிஸோ நெசவு மில்லில் தறி மெக்கானிக். வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்து நாள் ஆகியிருந்தது. டாக்டர் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, புற்றுநோய், நாலு மாதம் தாண்டாது, அவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மனசு விட்டுவிடுவார், புண் என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். அந்தக் காலத்தில் எல்லா டாக்டர்களும் அப்படித்தான். மூட்டையைப் பெண்டாட்டி தலையில் ஏற்றிவிட்டு அவர்கள் கை கழுவிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். பெரிய உபகாரம்!

ரிகிஸோவிடம் எதையும் மறைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நூறு தறி ஓடுகிற இரைச்சலில் ஒரு தறி தாளம் தப்பினால் காதாலேயே கண்டுபிடிக்கிறவன். ஷிகெனோ கொஞ்சம் குழைந்து பேசினால் போதும், பிடித்துவிடுவான். அதனால் தினமும் அவனைத் திட்டினாள். முன்பு எப்படித் திட்டினாளோ அதே அளவு, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல். ஒருநாள் ஏதோ நினைவில் பேரிக்காயைத் தோல் சீவிச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுத்துவிட்டாள்.

"என்ன, இன்னிக்கு மகாராணிக்கு இம்புட்டுக் கரிசனம்?" என்றான்.

"கத்தி மொக்கையா இருக்கு. பெருசா வெட்ட வரல" என்றாள். முதுகில் வியர்வை ஓடியது.

கிமோனோ பேச்சை எடுத்தவனும் அவன்தான். ஆஸ்பத்திரிப் படுக்கையில் எல்லோரும் பருத்திக் கிமோனோதான் உடுத்தியிருப்பார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு அவர் மனைவி தைத்துக் கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டு ரிகிஸோ அவரிடம் சொன்னான்: "எங்க வீட்டிலயும் இருக்காளே. இருபத்தாறு வருஷத்துல எனக்கு ஒரு கரித்துணி தைச்சுக் குடுத்திருப்பாளா? ஏய், நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஒண்ணு தைச்சுக் குடேன், பார்ப்போம்."

"உங்களுக்கு வேற வேலை இல்ல? போங்க" என்றாள்.

ஆனால் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. தைத்தால், என்ன திடீர்ப் பாசம் என்று சந்தேகப்படுவான். தைக்காவிட்டால் இனி எப்போது தைப்பது? இரண்டு நாள் இப்படியே கிடந்து அல்லாடிவிட்டு, சமுதாயக் கூடத்தில் வியாழக்கிழமைதோறும் நடக்கும் தையல் வகுப்பில் போய்ப் பெயர் கொடுத்தாள். அங்கே சொல்லித் தருகிறவள், முதல் கிமோனோவுக்கு ஊசி சுலபமாக இறங்குகிற மெல்லிய பருத்தியாகப் பார்த்து ஒரு சுருள் வாங்கி வரச் சொன்னாள். கிமோனோத் துணி சுருளாகத்தான் விற்கும். அகலம் ஒரு முழத்துக்கும் குறைவு. ஒரு சுருளில் ஒரு ஆளுக்கு ஒரு கிமோனோ, அவ்வளவுதான். தப்பாக வெட்டினால் ஒட்டுப்போட மிச்சத் துணி இருக்காது.

துணி வாங்கப் போனது தெரதாவின் கடைக்கு. ரிகிஸோவின் மில் துணி அங்கேதான் விற்கும். வேறு கடைக்குப் போனால் அதற்கும் ஏன் என்று அவன் கேட்பானே என்ற பயம்.

"அட, ரிகிஸோ வீட்டம்மாவா! விலாங்கை விட்டுட்டு இந்தப் பக்கம் எங்க?" தெரதா கணக்குமேஜையை விட்டு எழுந்து வந்தார். "செருப்பைக் கழட்டிட்டு மேல வாங்க. ஆமா, ரிகிஸோவை ஆளையே காணோமே, எங்க போனான்?"

"ஆஸ்பத்திரியில அண்ணே. வயித்துல புண்ணு."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. புண் என்றால் என்ன என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். இவர் ஒரு பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய் ரிகிஸோ கட்டில் பக்கத்தில் இதே முகத்தோடு உட்கார்ந்தால் போதும், எல்லாம் முடிந்தது.

"அவருக்குத் தைக்கத்தான். நானே தைக்கப் போறேன். சிரிக்காதீங்க" என்றாள் வேகமாக.

தெரதா சிரிக்கவில்லை. அலமாரிக்குப் போய் ஒரு சுருளை எடுத்து வந்து விரிப்பில் உருட்டிவிட்டார். வெள்ளையில் சின்ன நீலப் புள்ளி போட்ட இரட்டை அடுக்கு மல் துணி. தொட்டால் குழந்தைத் துணி மாதிரி இருந்தது.

"படுக்கையில கிடக்கிறவருக்கு இதுதாம்மா சுகம். உடம்புல உறுத்தாது. ஊசியும் நல்லா இறங்கும்."

ஷிகெனோ அதை விரலால் தடவினாள். ரிகிஸோவின் கழுத்தெலும்பு நினைவுக்கு வந்தது. போன வாரம் துடைத்துவிடும்போது துண்டில் இடறியதே, அந்த எலும்பு. இதை உடுத்தினால் நன்றாகத் தூங்குவான்.

"எத்தனை நாளு வரும் அண்ணே?"

"அது என்ன, ஒரு ரெண்டு கோடை..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரிகிஸோ துணிக்காரன். தொட்டவுடனே இது எத்தனை நாள் வரும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு கோடைக்கு மேல் வராத துணியை எடுத்து வந்திருக்கிறாளே, இவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று யோசிப்பான். யோசித்தால் தீர்ந்தது. இதை அவன் கையில் கொடுப்பதும் ஒன்றுதான், டாக்டர் சொன்னதை எழுதிக் கொடுப்பதும் ஒன்றுதான்.

"அந்த நீலக் கோடு போட்டது?" அவள் கை அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டியது.

"அதா? அவுரிச் சாயம், கெட்டி நூல். முதல் மூணு வருஷம் பலகை மாதிரி நிக்கும். துவைக்கத் துவைக்கத்தான் பதப்படும். புதுசாத் தைக்கிற கைக்கு ஆகாதும்மா, விரலைக் குத்திக் கிழிச்சிடும். நோயாளிக்குப் போய்..."

"நல்லா உழைக்குமா?"

"பதினஞ்சு வருஷம் உழைக்கும்."

"அதைக் குடுங்க."

தெரதா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சுருளைக் கட்டிக் கொடுத்தார். வழக்கமாக எதையாவது தலையில் கட்டாமல் விடாத மனுஷன், அன்றைக்கு ஒரு நூல்கண்டுகூட வாங்கச் சொல்லவில்லை. அதுவும் அவளைப் பயமுறுத்தியது.

பேருந்தில் சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொய்யைக் காப்பாற்றுவதற்காக அவன் தோலில் பலகையைச் சுற்றப் போகிறோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. திரும்பிப் போய் மாற்றிவிடலாமா என்று இரண்டு நிறுத்தம் யோசித்தாள். மூன்றாவது நிறுத்தம் ஆஸ்பத்திரி.

பக்கத்துக் கட்டில்காரரை எக்ஸ்ரே படம் எடுக்க அழைத்துப் போயிருந்தார்கள். ரிகிஸோ சுருளை வாங்கி ஒரு முழம் பிரித்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் இழை எண்ணினான். ஷிகெனோ அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சு விட்டால் கேட்டுவிடுமோ என்று இருந்தது.

"தெரதா கடையா?"

"ஆமா. வேற எங்க?"

"நம்ம மில்லுத் துணிதான். நல்ல சரக்கு." இன்னொரு தரம் தேய்த்துப் பார்த்தான். "பதினஞ்சு வருஷம் வரும்."

"வரட்டுமே. பதினஞ்சு வருஷத்துக்கு இன்னொண்ணு தைச்சுக் குடுன்னு எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம். தடுமாறாமல் வந்துவிட்டது. அவன் சிரித்தான். அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ரிகிஸோ துணியை ஓரம் பிசகாமல் நிதானமாகத் திரும்பச் சுருட்டினான்.

"எப்ப வெட்டுற?"

"வியாழக்கிழமை."

"உன் அளவுக்கு வெட்டு."

"என்ன?"

"உன் அளவுக்கு வெட்டுன்னேன். பொம்பளைங்க இடுப்புல மடிச்சுக் கட்ட நீளம் வேணும், ஆம்பளை கிமோனோன்னா நீளத்தைக் குறைச்சு வெட்டிடுவாங்க. அப்புறம் அது உனக்கு ஆகாது. நல்ல துணி, வீணாக்காத."

"என்ன உளர்றீங்க? புண்ணுதானே. புண்ணு ஆறினதும்..."

"நீ அன்னைக்குப் பேரிக்காயை அப்படி நறுக்கினப்பவே தெரியும்" என்றான். "நானும் பேசாம இருந்தேன். நீ தாங்க மாட்டியோன்னு பயம்."

ஷிகெனோ வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது. கூரை இடிந்து விழவில்லை. தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"எத்தனை மாசம்னாங்க?"

சொல்லக்கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ரிகிஸோவின் முகத்தைப் பார்த்தாள். தறி எங்கே கோளாறு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டுக்கொண்டிருந்தான். பதில் தெரியாமல் அவனால் எந்த வேலையும் தொடங்க முடியாது.

"நாலு" என்றாள். அந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அழுகை பொங்கி வந்தது. அவன் துணிச்சுருளைத் தள்ளி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பயம் போய்விடவில்லை, அதை ஒளித்து வைக்கிற வேலை மட்டும் போயிற்று.

வெகுநேரம் கழித்து அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டான்.

"நாலு மாசம்தானே. அப்ப எனக்கு மெல்லிசா ஒரு துணி போதும். இந்த ஆஸ்பத்திரிக் கஞ்சித்துணி ரொம்ப உறுத்துது."

மறுநாள் காலையில் தெரதா கடைக் கதவைத் திறந்தபோது ஷிகெனோ வாசலில் நின்றிருந்தாள்.