எங்கள் புது ஸ்கேனர் சொன்ன செய்தி

பாரிஸின் லா சப்பலில் ஒரே அறையில் இருக்கும் நானும் யேசுதாசனும், ஊர்ச் செய்தி கேட்கும் ஆசையில், புதிதாக வந்த ஸ்கேனர் ரேடியோ ஒன்றை வாங்கினோம். அலைவரிசைகளைத் தானே தேடி, பேச்சுக் கேட்கும் இடத்தில் நிற்கும். அன்று விமானிகள் பேசும் எண்ணில் நின்றது. கேட்டதோ இரைச்சலுக்குள் ஒரு பெண்ணின் தமிழ்: "மன்னார் பஸ் வந்து சேரேல்லை. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியேல்லை."

அந்த வாரம் கொழும்பிலிருந்து அந்தப் பஸ்ஸில்தான் யேசுதாசனின் தாய் ஊருக்குப் போகவிருந்தார். அவன் செபமாலையுடன் முழந்தாளில் இருந்துவிட்டான். நான் கீழ்வீட்டு மேரி அக்காவிடம் ஓடினேன், அவரும் மன்னார்க்காரர். வயரில்லாத புதுப் போனைக் காதில் வைத்தபடியே கதவைத் திறந்தார். நான் சொன்னதும் திகைத்துப்போனார்.

"ஐயோ தம்பி, அது போன வருசக் கதை! பிறகு பஸ் வந்திட்டுது. இப்பதான் தங்கச்சிக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான். உங்களுக்கு எப்பிடிக் கேட்டது?"

எனக்கும் விளங்கவில்லை. கடைக்காரர் வேறு ஸ்கேனர் மாற்றித் தந்தார். அதுவோ டாக்சிக்காரர் பேசும் எண்ணில் நின்று மேரி அக்காவின் மீன்குழம்புப் பக்குவம் சொல்கிறது. பழுது ஸ்கேனரிலா, அக்காவின் வயரில்லாப் போனிலா என்று இன்றுவரை தெரியாது. இப்போது அதில் ஊர்ச் செய்தி கேட்டால், அழுவதற்கு முன் கீழே போய்க் கதவைத் தட்டுகிறோம்.