நீளமாக அடித்த மணி

சென்ற வருடம் கார்த்திகை மழையின்போது நடந்தது இது. பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். கணவருக்குக் கொழும்பில் வேலை. மூத்தவள் பாடசாலையில் முதலாம் ஆண்டு, சின்னவன் கைக்குழந்தை.

விடாமல் பெய்துகொண்டிருந்தது. பாடசாலை உண்டா இல்லையா என்று காலையில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உண்டு என்று வந்தது. அனுப்பலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நின்று குழம்பி, கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவின் மகளோடு அனுப்பிவைத்தேன். அந்தப் பிள்ளை மூன்றாம் ஆண்டு. தினமும் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போவது அவள்தான்.

அக்கா கொழுந்து பறிப்பவள். மழையால் அன்று வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நனைந்தபடி நேராக என் வாசலுக்கு வந்தாள்.

“புள்ள, கோயிலுக்கு மேல மண்ணு வாயப் பொளந்து கெடக்கு. நம்ம பிள்ளைக அதுக்குக் கீழதானே வரும்? ஸ்கூலுக்கு ஒரு போனப் போடு. படிச்சவதானே நீ, பார்த்துக்கிட்டு நிக்கிறியே!”

பாடசாலைக்கு இரண்டு வழி. தார் ரோடு சுற்று. கோயிலுக்குக் கீழே போகும் குறுக்குப் பாதையில்தான் பிள்ளைகள் வந்து போவார்கள்.

குழுவில் செய்தி போட்டேன். ஒற்றை டிக்கோடு அப்படியே நின்றது. பாடசாலைத் தொலைபேசி மழை தொடங்கியதிலிருந்தே செத்துக் கிடந்தது. எங்கள் லயத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். குழந்தையை வீட்டிலிருந்த மாமியிடம் கொடுத்துவிட்டு, அங்கே போய் பாடசாலை அதிபரின் கைபேசிக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை. மறுபடியும் அடித்தேன். விரல் விறைத்துப்போன நேரத்தில் எடுத்தார்.

“சேர், பிள்ளைகளை வெளியே விடாதீங்க. குறுக்குப் பாதைக்கு மேல மண் வெடிச்சிருக்கு.”

“சரிம்மா. இப்பவே எல்லாரையும் ஹோலுக்குக் கூப்பிடுறேன். பெற்றோர் ரோட்டு வழியா வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும். பயப்படாதீங்க.”

உயிர் வந்தது. என்னால் ஒரு காரியம் ஆயிற்று என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. பக்கத்தில் வந்து நின்ற அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

அப்போது பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பாடசாலையிலிருந்து மணி கேட்டது. மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் அங்கே மணி. பாடம் மாறினால் ஒரு அடி. வீட்டுக்கு விடும்போது நிறுத்தாமல் நீளமாக அடிப்பார்கள். இப்போது நீளமாக அடித்தது.

அக்காவின் முகம் மாறிவிட்டது. “இது விடுற மணியில்லயா?” என்று கேட்டபடியே ஓடத் தொடங்கிவிட்டாள்.

அதிபர் எல்லோரையும் அவசரமாக ஒன்று சேர்க்கத்தான் மணியை அடித்திருக்கிறார். ஆனால் மழை நாட்களில் முன்கூட்டியே வீட்டுக்கு விடுவது வழக்கம். பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு குதித்து வெளியே வந்துவிட்டார்கள். தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் ஆசிரியர்கள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. முதலாம் ஆண்டு வகுப்பு கேற்றுக்குப் பக்கத்தில். முதலில் வெளியே வந்தது அந்தச் சின்னப் பிள்ளைகள்தான்.

நான் கோயில் திருப்பத்துக்கு வந்தபோது அவர்கள் பாதையில் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். தலையில் சொப்பிங் பை. என் மகள் என்னைக் கண்டதும் கையை ஆட்டினாள். “அம்மா, ஸ்கூல் விட்டாச்சு!”

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் அக்கா. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, கன்றுக்குட்டிகளை விரட்டுவதுபோல் அவர்களைத் திருப்பி விரட்டினாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்த தன் மகளின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “சிரிக்கிறியாடி? அவளையும் இழுத்துக்கிட்டு ஓடு! திரும்பிப் பார்க்காத!”

பிள்ளைகள் ஓடினார்கள். கடைசிப் பிள்ளை பாடசாலைப் பக்கத்து மரப்பாலத்தைத் தாண்டியது. அக்காவும் பின்னாலேயே ஓடினாள். பெரிய லொறி கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். பிறகு பாதை இல்லை. தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே கீழே போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகளும் கையைப் பிடித்தபடி நின்றார்கள். இந்தப் பக்கம் நான். நடுவில் அக்கா இல்லை.

மறுநாள்தான் அவளை எடுத்தார்கள்.

செத்த வீட்டுக்கு அதிபர் வந்து ஓரமாக நின்றார். “உள்ள கூப்பிடத்தான்மா அடிச்சேன்” என்று என்னிடம் சொன்னார். அந்த மனிதரை எப்படிக் குற்றம் சொல்வது? அதைப் பிள்ளைகள் விடும் மணியென்று எடுத்துக்கொள்வார்கள் என்று எங்கள் யாருக்கும் அதற்கு முன் தோன்றவில்லையே.

பிறகு பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். ஒலிபெருக்கி தருவதாகவும், எல்லோருடைய கைபேசிக்கும் ஒரே நேரத்தில் செய்தி வரும்படி செய்வதாகவும் வந்த அதிகாரிகள் சொன்னார்கள். கூட்டங்களில் வாய் திறக்காதவள் நான். அன்று எழுந்து நின்று, “அந்தச் சத்தம் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று முதலில் பிள்ளைகளிடம் கேளுங்கள்” என்றேன். இப்போது ஆபத்துக்கு மணி இல்லை, விசில். அது கேட்டால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று வாராவாரம் பழக்குகிறார்கள். ஒலிபெருக்கி இன்னும் வரவில்லை.

நீ செய்தது சரிதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பகலில் நானும் நம்புகிறேன். ஆனால் என் அழைப்பு அன்று கிடைக்காமலே போயிருந்தால் மணி அடித்திருக்காது. மண் சரிந்த நேரத்தில் பிள்ளைகள் வகுப்பில் இருந்திருப்பார்கள். அக்கா என் வாசலில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்திருப்பாள்.

அவள் மகள் மாலையில் எங்கள் வீட்டில்தான் படிக்கிறாள். அன்றைக்கு ஏன் மணி அடித்தது என்று அவள் இதுவரை கேட்கவில்லை. கேட்கும் நாளில் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முதல் வாக்கியத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.