ரோசலின் போட்ட தரை

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் த்ரீவீல் பழுதானால் ரோசலினிடம்தான் கொண்டுபோவோம். காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து, பகலில் எஞ்சின் கழற்றுவாள். தோட்டம் எங்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டதுதான் அவளுடைய கராஜ். மழைக்கு ஜாக்கி சேற்றில் புதைகிறதே என்று தரைக்குச் சிமெண்டு போட்டாள்.

மூன்றாம் நாள் தோட்டத்து ஃபீல்ட் ஆபிசர் ஆட்களோடு வந்து, அலவாங்கால் அதை உடைக்கச் சொன்னார். தோட்டத்து நிலத்தில் தற்காலிகமாகக் கொட்டில் போடலாமாம், நிரந்தரமாக ஒன்றும் கட்டக்கூடாதாம். பெரிய சட்டம்!

ரோசலின் கெஞ்சவில்லை. உடைந்த துண்டுகளையே பொறுக்கிப் பழைய டயர்களுக்குள் போட்டு, மண்ணோடு சேர்த்து இறுக இடித்தாள். டயர்களை நெருக்கி அடுக்கி, மேலே பலகை அறைந்தாள். லொறியையே ஏற்றலாம், அசையாது.

ஆபிசர் மறுபடி வந்தார். காலால் மிதித்துப் பார்த்தார்.

"இதுவும் நிரந்தரம் மாதிரிதானே இருக்கு?"

"தற்காலிகம்தாங்க ஐயா. சிமெண்டே இல்லை."

"எத்தனை நாளைக்கு?"

ரோசலின் கையிலிருந்த ஸ்பேனரை லயத்தின் பக்கம் நீட்டினாள்.

"அதையும் தற்காலிகமாத்தாங்க கட்டினாங்க. எங்க பாட்டன் அதுலதான் பொறந்தாரு, என் புள்ளைங்களும் அதுலதான் பொறந்துச்சுங்க. அதை என்னைக்கு இடிச்சிட்டு எங்களுக்கு வீடு கட்டித் தர்றீங்களோ, அன்னைக்கு வாங்க. இதையும் கழட்டித் தர்றேன்."